மின்வாரியத்தின் மீது வராத கோபம் இணைய நிறுவனத்தின் மீது ஏன் வருகிறது?

பள்ளிக்கரணைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் தென்புறத்தில் 240 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். சாவியை எங்கள் கையில் கொடுப்பதற்கு முன்பே கட்டுமான நிறுவனம் ஓர் இணையச் சேவை நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டுவிட்டது. அதன் கம்பியைத் தவிர வேறு எவருடைய கம்பியும் வளாகத்துக்குள் நுழைய முடியாது. யாரேனும் இணைப்புக் கொடுக்க வந்தால் வாயிற்காவலரே திருப்பி அனுப்பிவிடுகிறார். சாலைக்கு எதிர்ப்புறத்துத் தனி வீடுகளில் மாதம் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் வேகத்துக்கு நாங்கள் 850 ரூபாய் கட்டுகிறோம். பணத்தைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சென்ற மழையில் இணைப்பு அறுந்து நான்கு நாள் ஆகியும் ஆள் வராதபோது, தொலைபேசியில் பேசிய பணியாளர், "விருப்பமில்லை என்றால் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளுங்கள் சார்" என்று மிகவும் பணிவாகச் சொன்னார். நான் துண்டித்துக்கொள்ள மாட்டேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நலச்சங்கக் கூட்டத்தில் இதை ஏகபோகம் என்று குறிப்பிட்டுப் பேசினேன். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் உடனே எழுந்து, "மின்சாரமும்தான் ஒரே இடத்திலிருந்து வருகிறது, ரயிலும் ஒரே துறைதான் ஓட்டுகிறது, அதற்கெல்லாம் கோபப்படாத நீங்கள் இந்தச் சிறு கம்பெனியின் மீது மட்டும் ஏன் பாய்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தோன்றவில்லை. உண்மையில் இந்த இணைய நிறுவனம் நகரத்துப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றுகூட இல்லை. மின்வாரியமோ மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. எனவே அளவுதான் சிக்கல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தனியார் என்பதால் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அதுவும் பொருந்தவில்லை, ஏனென்றால் கைப்பேசியில் அனைவரும் ஒரே தேடுபொறியைப் பயன்படுத்துகிறோம், அதன் மீது எனக்கு இப்படிப்பட்ட எரிச்சல் வந்ததில்லை.

ஏகபோகம் எந்த இடத்தில் நுகர்வோருக்குத் தீங்காக மாறுகிறது, எதுவரை அதைப் பொறுத்துக்கொள்ளலாம்? எங்கே புகார் கொடுப்பது என்பதை நான் கேட்கவில்லை. இதை எப்படி எடைபோடுவது என்று அறிய விரும்புகிறேன்.


வழக்காடி

நண்பருக்கு வணக்கம். உங்கள் சங்கத்து மூத்தவர் கேட்ட கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. இந்த நாட்டின் சட்டமே அதில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தடுமாறியிருக்கிறது. 1969ஆம் ஆண்டின் ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகள் சட்டம் நிறுவனங்களின் உருவத்தைக் கண்டு அஞ்சியது. தொடக்கத்தில் 20 கோடி ரூபாய்க்கும், 1985க்குப் பிறகு 100 கோடி ரூபாய்க்கும் மேல் சொத்து வைத்திருந்த நிறுவனம், தன் ஆலையை விரிவாக்குவதற்கே தில்லியின் அனுமதியைப் பெறவேண்டியிருந்தது. பெரியவர்கள் மேலும் பெருகாமல் தடுத்தால் நுகர்வோர் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் பழைய ஆலைகளில் உற்பத்தி பெருகவில்லை, புதியவர்களுக்கு எளிதில் உரிமமும் கிடைக்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இந்த மன்றத்திலும் சிலர் இருக்கக்கூடும்.

2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கேள்வியையே மாற்றிக்கொண்டது. 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்த அதன் 4ஆம் பிரிவு, ஆதிக்க நிலையில் இருப்பதைக் குற்றமாகக் கருதவில்லை. அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் தடை செய்கிறது. சந்தையில் இத்தனை சதவீதம் கையில் இருந்தால் ஆதிக்கம் என்று எந்த எண்ணையும் அது குறிப்பிடவில்லை. போட்டியின் நெருக்குதலைப் பொருட்படுத்தாமல் இயங்கவோ, போட்டியாளரையும் நுகர்வோரையும் தனக்குச் சாதகமாக வளைக்கவோ ஒரு நிறுவனத்துக்கு இருக்கும் வலிமைதான் ஆதிக்கம் என்பது அது தரும் விளக்கத்தின் சாரம். உங்களிடம் பணிவாகப் பேசிய அந்தப் பணியாளர், சட்டத்தைப் படிக்காமலேயே, அந்த விளக்கத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்த சிக்கல், சந்தை என்று எதைச் சொல்வது என்பது. நகரம் முழுவதையும் சந்தையாகக் கொண்டால் உங்கள் இணைய நிறுவனம் ஒரு பொடியன். உங்கள் மதிற்சுவருக்குள் மட்டும் பார்த்தால் அதுவே அரசன். இந்தியப் போட்டி ஆணையத்தின் இரண்டு பெரிய வழக்குகள் இந்த இடத்தில் உதவும். 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கார் விற்பனையில் அவர்களுக்குள் கடும் போட்டி உண்டு என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு காரை வாங்கிய பிறகு அதன் உதிரிபாகத்துக்கு அந்த நிறுவனத்தைத் தவிர வேறு போக்கில்லை என்பதால், ஒவ்வொரு நிறுவனமும் தன் காருக்கான உதிரிபாகச் சந்தையில் முழு ஏகபோகம் என்று முடிவு செய்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததையே குற்றமாகக் கண்டது. அதற்கு முன், 2011இல், குருகிராமத்தில் அடுக்ககம் கட்டிய டி.எல்.எஃப். நிறுவனத்துக்கு 630 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதும் இதே தருக்கத்தில்தான். வீட்டுக்குப் பெரும்பணம் கட்டிய பிறகு வாங்குபவர் வெளியேற முடியாது. அந்த நிலையில் மாடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது முதலான ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2014இல் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

இந்த இரு வழக்குகளிலும் நுகர்வோர் ஒரு வாசலில் தாமே விரும்பி நுழைந்தார்கள், உள்ளே போன பிறகு வாசல் சாத்தப்பட்டது. உங்கள் நிலையும் அதுவே. ஆனால் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை: டி.எல்.எஃப். வழக்கில் ஆணையம் சந்தையாகக் கொண்டது குருகிராமம் என்ற நகரத்தை. 240 வீடுகளைத் தனிச் சந்தையாக அது ஏற்கும் என்று எந்த வழக்கறிஞரும் உறுதி சொல்ல முடியாது. இதைப் பிரத்தியேக ஒப்பந்தமாகக் கருதி 3ஆம் பிரிவின் கீழ் வாதிடலாம் என்றாலும், அங்கும் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்பட்டதை நிறுவ வேண்டும். தீங்கு உண்மையாக இருக்கும். ஆயினும் சட்டத்தின் தராசில் ஏறும் அளவுக்குக் கனமில்லாமல் இருக்கும்.


மின்கம்பம்

முப்பத்தோரு ஆண்டுகள் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கேள்வியின் மறுபாதிக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மின்வாரியத்தின் மீது உங்களுக்குக் கோபம் வராததற்கு நாங்கள் நல்லவர்கள் என்பது காரணமன்று. நீங்கள் 2012இல் சென்னைக்கு வெளியே குடியிருந்திருந்தால் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் ஏகபோகம் எங்கே தவிர்க்க முடியாதது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தெருவில் மின்கம்பங்களை ஒருமுறை நட்டு, மின்மாற்றி வைத்து, கம்பி இழுத்த பிறகு, அதில் நூறாவது வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க ஆகும் கூடுதல் செலவு மிகவும் சொற்பம். அதே தெருவில் இரண்டாவது நிறுவனம் தன் கம்பங்களை நட்டால், இரு மடங்கு முதலீட்டின் சுமை அதே நூறு வீடுகளின் மீதுதான் விழும். இப்படிப்பட்ட தொழிலை இயற்கை ஏகபோகம் என்பார்கள். அதற்காக மின்சாரம் முழுவதுமே ஏகபோகமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. மும்பையின் புறநகர்ப் பகுதிகளில் ஒரு நிறுவனத்தின் கம்பியிலேயே இன்னொரு நிறுவனத்திடமிருந்து மின்சாரம் வாங்குகிறார்கள். கம்பி ஒன்றாக இருந்தாக வேண்டும். விற்பவர் ஒருவராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. இந்த வேறுபாட்டை உங்கள் அடுக்ககத்துக்கும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விலை. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம் என்பதாலும், மீதிக்கும் மானியம் இருப்பதாலும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் கட்டும் தொகை உண்மையான விலை அன்று. வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது. அந்தக் கடனும் வட்டியும் அரசின் வரவுசெலவு வழியாகவும், தொழிற்சாலைகளும் கடைகளும் கட்டும் உயர்ந்த கட்டணத்தின் வழியாகவும் சுற்றிச் சுற்றி உங்களிடமே வருகின்றன. ஆகவே ரசீதை மட்டும் பார்த்து ஓர் ஏகபோகம் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யக்கூடாது.

விலை ஏறாமலேயே தீங்கு வர முடியும் என்பதற்கும் நாங்களே சான்று. 2012இல் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. புதிய மின் நிலையங்கள் காலத்தில் முடியவில்லை. வடக்கே மின்சாரம் கிடைத்தாலும் அதைத் தெற்கே கொண்டுவரப் போதிய மின்தடம் இல்லை. ரெய்ச்சூர்–சோலாப்பூர் உயரழுத்தத் தடம் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் தொகுப்போடு முழுமையாக இணைந்ததே 2013 டிசம்பர் இறுதியில்தான். காரணங்கள் எதுவாயினும், கோவையில் சிறு பட்டறை நடத்தியவர் வேறு யாரிடமும் போக முடியவில்லை. வசதியுள்ளவர்கள் ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் வாங்கினார்கள். அந்தச் செலவு எங்கள் கணக்கில் ஒருநாளும் ஏறவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மின்வாரியம் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருப்பதற்கு ஒரே காரணத்தைத்தான் என்னால் சொல்ல முடியும். கட்டணத்தை நாங்களே நிர்ணயித்துக்கொள்ள முடியாது. ஒழுங்குமுறை ஆணையத்திடம் கணக்கைக் கொடுத்து, எதற்கு எவ்வளவு செலவு என்று காட்டி, மக்கள் முன் நின்று கேட்கவேண்டும். 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டங்களில் சாதாரண மனிதர்கள் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேள்வி கேட்டார்கள். கட்டணம் செப்டம்பரில் உயரத்தான் செய்தது. ஆனாலும் ஏன் உயர்கிறது என்று கேட்பதற்கு ஓர் இடமும், பதில் சொல்லியாக வேண்டிய ஓர் ஆளும் இருந்தார்கள். உங்கள் இணைய நிறுவனத்திடம் 850 ரூபாய்க்குக் கணக்குக் கேட்க அப்படி ஓர் இடம் இருக்கிறதா?


பழைய கேபிள்காரன்

இருபது ஆண்டுகளுக்கு மேல் கேபிள் தொழிலில் இருந்துவிட்டு இப்போது இணைய இணைப்பு வேலை செய்பவன். அடிபடும் கட்சியின் சார்பில் இரண்டு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

புதிய அடுக்ககத்தில் முதல் ஆண்டு இருபது, முப்பது குடும்பங்கள்தான் வரும். அப்போதே ஒவ்வொரு பிளாக்கிலும் பெட்டி வைத்து, எல்லா மாடிக்கும் ஃபைபர் ஏற்றி, பேட்டரி வைத்து முடிக்க வேண்டும். வீடுகள் நிரம்பியதும் இன்னொருவர் வந்து பத்து ரூபாய் குறைத்துக் கொடுப்பார் என்றால், முதலில் பணம் போட யாரும் முன்வர மாட்டார்கள். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரையும் விடமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பது அடிப்படையில் அநியாயம் அன்று. அநியாயம் எங்கே நுழைகிறது என்றால், கட்டுமான நிறுவனம் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்போதும், முதலீடு திரும்பிய பிறகும் ஒப்பந்தம் தானாகவே நீண்டுகொண்டு போகும்போதும் நுழைகிறது. குடியிருப்பவரின் வாசலை, அங்கே குடியிருக்கப் போகாத ஒருவர் விற்றுவிடுகிறார்.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். கேபிள் காலத்தில் நாங்கள் தெருக்களைப் பிரித்துக்கொண்டோம். என் தெருவுக்குள் அவர் வரமாட்டார், அவர் தெருவுக்குள் நான் போகமாட்டேன். எந்தக் காகிதமும் கிடையாது, டீக்கடைப் பேச்சுதான். ஊர் முழுவதும் பார்த்தால் ஐம்பது ஆபரேட்டர்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் பார்த்தால் ஒரே ஆபரேட்டர். மாதத் தொகை தெருவுக்குத் தெரு மாறியது. அந்த அதிகாரத்தை எங்களிடமிருந்து பிடுங்கியது சட்டம் என்று சொல்ல மாட்டேன். மொட்டை மாடியில் டி.டி.எச். தட்டை வைத்துக்கொண்டு எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்களே, அந்த நாளில்தான் நாங்கள் புகாருக்கு உடனே ஓடக் கற்றுக்கொண்டோம். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது இரண்டாவது அடி விழுந்தது. எல்லோரும் தட்டு வாங்கிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து வீட்டில் இரண்டு வீடு போனாலே போதும், மீதி எட்டு வீட்டுக்கும் மரியாதை கிடைத்துவிடும்.

உங்கள் வளாகத்தில் 5ஜி சிக்னல் நன்றாக இருந்தால், கம்பியே இல்லாமல் வீட்டு இணையம் தரும் பெட்டிகள் 2023 முதல் வந்துவிட்டன. விசாரித்துப் பாருங்கள்.


முத்துநகரன்

மூவரும் வாசலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்கிறேன். இணைய நிறுவனம் நாளைக்கே 850 ரூபாயை 300 ரூபாயாகக் குறைத்துவிட்டால் உங்கள் கோபம் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரில் அப்படி ஒரு கதை நடந்திருக்கிறது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தபோது, வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் 10 லட்சம் ரூபாய் மூலதனத்தைக் குறியாக வைத்து, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக, சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். வாடகைக்கு எடுத்த கப்பலோடு தொடங்கி, அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாகக் கொண்டுவந்தார். அதன் பிறகு நடந்த கட்டணப் போர் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும், ஏறுபவருக்குக் குடை தருவதாகவும் அறிவித்தது என்று சொல்வார்கள். குடையைப் பற்றிய பேச்சு சற்று மெருகேறியிருக்கலாம். கட்டணப் போர் நடந்ததில் ஐயமில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்களில் ஒன்றை எதிரிக் கம்பெனியே வாங்கிக்கொண்டது.

அந்த நாளில் கொழும்புக்குப் போன பயணியிடம், "ஏகபோகத்தால் உங்களுக்குத் தீங்கா?" என்று கேட்டிருந்தால் அவர் கையிலிருக்கும் குடையைக் காட்டியிருப்பார். குறைந்த விலையில் தரும் ஏகபோகம் நுகர்வோருக்கு நல்லதே என்று சொல்பவர்கள், அந்த விலை எத்தனை நாளைக்கு, யாரை ஒழிப்பதற்காக என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்பதில்லை.

நம் காலத்தில் தொலைபேசித் துறையில் இதன் நிழல் தெரிகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அடுத்த மார்ச் வரை ஏறக்குறைய எல்லாமே இலவசம். அடக்க விலைக்குக் கீழே விற்கிறார்கள் என்று ஏர்டெல் போட்டி ஆணையத்திடம் போனது. புதிதாக நுழைந்த நிறுவனம் ஆதிக்க நிலையில் இல்லை, ஆதிக்கம் இல்லாதபோது அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று 2017 ஜூனில் ஆணையம் புகாரை முடித்துவிட்டது. ஏணியில் ஏறுபவனை ஏறும்போது கேட்கக்கூடாது, ஏறி முடித்த பிறகுதான் கேட்கலாம் என்பது போன்ற தருக்கம் இது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் அலைவரிசை திடீரென்று மறைந்து, இலட்சக்கணக்கானோர் எண்ணை மாற்றிக்கொள்ள வழியில்லாமல் திண்டாடியது பலருக்கும் நினைவிருக்கும். இன்று தனியாரில் மூவர் மீதம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் அந்த மூவரும் சில நாள் இடைவெளிக்குள் கட்டணத்தை உயர்த்தினார்கள். ஜியோவில் 239 ரூபாயாக இருந்த 28 நாள் திட்டம் 299 ரூபாயானது.


கடைவீதி

முத்துநகரன் அவர்களின் கதை உருக்கமானது. ஆனால் அதை அப்படியே கைப்பேசிக்குப் பொருத்துவதை நான் ஏற்கவில்லை. அந்த 299 ரூபாயையே கணக்குப் போடுங்கள். நாளுக்கு ஒன்றரை ஜிபி வீதம் 28 நாளுக்கு 42 ஜிபி. ஒரு ஜிபி ஏழு ரூபாய் சொச்சம். 2016க்கு முன் ஒரே ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தோம். மூன்று முறை உயர்த்திய பிறகும் விலை பழைய இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அமெரிக்காவில் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தை 1911இல் 34 கம்பெனிகளாக உடைத்தார்கள்; அது கொழித்த காலத்தில் மண்ணெண்ணெய் விலை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அதனால் பாதிக்கப்பட்டவர்களில் உரக்கப் பேசியவர்கள் போட்டியாளர்கள்.

நான் மளிகைக் கடை நடத்துகிறேன். என் கடைக்கு எதிரே சங்கிலிக் கடை ஒன்று திறந்தபோது, வணிகர் சங்கத்தில் நானும் ஏகபோகம் என்று மேசையைத் தட்டினேன். மனசாட்சிப்படி சொன்னால், அன்று நான் பேசியது என் லாபத்துக்காக. என் வாடிக்கையாளருக்குத் துவரம்பருப்பு கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. விற்பவனுக்கு நேரும் வலியை நுகர்வோரின் வலி என்று பெயர் மாற்றிச் சொல்வது எங்களுக்குக் கைவந்த கலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத எந்த விவாதத்தையும் நான் நம்புவதில்லை.


முத்துநகரன்

கடைவீதி ஐயா, பருப்புக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் நேர்மையையும் மதிக்கிறேன். ஆனால் ஸ்டாண்டர்ட் ஆயில் மீது வந்த குற்றச்சாட்டு விலை குறைத்தது என்பதோடு நின்றதில்லை. ரயில் கம்பெனிகளிடம் தன் சரக்குக்கு மறைமுகமாகத் தள்ளுபடி வாங்கியதும், போட்டியாளரின் சரக்குக்கு அவர்கள் கட்டிய கட்டணத்திலிருந்தே தனக்குப் பங்கு கேட்டதும் அதில் உண்டு. எதிரே திறந்த சங்கிலிக் கடை உங்கள் கடைக்கு வரும் மூட்டைக்கும் லாரிக்காரரிடம் பங்கு வாங்கினால் அப்போதும் வாடிக்கையாளருக்கு எட்டு ரூபாய் லாபம் என்றுதான் சொல்வீர்களா? கைப்பேசியில் நிலைமை இன்னும் கெடாமல் இருப்பதற்கு, 2011 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பது பெரிய காரணம். மூவர் இருவரானால் அந்த வசதியின் மதிப்பு என்ன ஆகும் என்பதே என் அச்சம்.


வழக்காடி

பழைய கேபிள்காரர் சொன்ன "குறிப்பிட்ட காலத்துக்கு" என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏனென்றால் சட்டமே தெரிந்து, விரும்பி, கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஏகபோகம் ஒன்று இருக்கிறது: காப்புரிமை. புதிய மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு இருபது ஆண்டுகள் வேறு யாரும் அதைத் தயாரிக்கக்கூடாது என்ற உரிமை. ஆராய்ச்சியில் பணம் போட ஆள் வேண்டும் என்பதற்காக நாம் அதை ஏற்றுக்கொள்கிறோம். கேபிள்காரர் பிளாக்குக்குப் பிளாக் பெட்டி வைத்ததற்குச் சொன்ன நியாயமும் இதுவே.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு பின்கதவும் வைக்கப்பட்டிருக்கிறது. சிறுநீரகம், கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்சாவர் மருந்தைப் பேயர் நிறுவனம் மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய்க்கு விற்றது. நியாயமான விலையில் மக்களுக்குக் கிடைக்கவில்லை என்பதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, 2012 மார்ச்சில் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. அதே ஒரு மாத மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க நாட்கோ ஒப்புக்கொண்டது. பேயரின் உரிமை பறிக்கப்படவில்லை. நாட்கோ விற்பனையிலிருந்து பேயருக்குப் பங்குத்தொகை கொடுக்க வேண்டும் என்று முதலில் 6 சதவீதமும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மேல்முறையீட்டு வாரியம் 2013 மார்ச்சில் அந்த உரிமத்தை உறுதி செய்தபோது 7 சதவீதமும் நிர்ணயிக்கப்பட்டது.

அந்தப் பின்கதவு இந்தியாவில் அரிதாகவே திறக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் கதவு இருக்கிறது என்பது விலை பேசும் மேசையில் அமர்ந்திருப்பவர்கள் அனைவருக்கும் தெரியும். உங்கள் அடுக்கக ஒப்பந்தத்தில் இந்தக் கண்ணோட்டத்தோடு மூன்றைத் தேடிப் பாருங்கள் நண்பரே: அது முடியும் தேதி, சேவை கெட்டால் இடையில் முறித்துக்கொள்ளும் உரிமை, கட்டணத்தை உயர்த்த யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பது. மூன்றுமே இல்லையென்றால் கேபிள்காரர் சொன்ன நியாயம் அந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது.


பள்ளிக்கரணைவாசி

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சங்கத்து மூத்தவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை மின்கம்பம் ஐயாவின் கடைசிக் கேள்வியிலேயே கண்டுகொண்டேன். தேடுபொறியின் மீது கோபம் வராததற்கும் இப்போது காரணம் ஓரளவு புரிகிறது. நான் அங்கே சிக்கிக்கொண்டதாக உணரவில்லை, இன்னொன்றைத் திறந்து பார்க்க ஒரு நொடி போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நினைப்பு எவ்வளவு சரி என்பதைத் தனிக் கேள்வியாகப் பிறகு கேட்கிறேன்.

கம்பியில்லா 5ஜி இணைப்பை ஏற்கெனவே விசாரித்தேன். பெட்டியை பால்கனியின் வெளிச்சுவரில் பொருத்த வேண்டும் என்றார்கள். கட்டடத்தின் முகப்புத் தோற்றம் கெடும் என்று சங்கமே அதற்குத் தடை போட்டிருக்கிறது. அந்தத் தீர்மானத்துக்குக் கைதூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

ஒப்பந்தத்தின் நகலைக் கட்டுமான நிறுவனத்திடமிருந்து கேட்டு வாங்கினேன். மொத்தம் ஐந்து ஆண்டுகள். இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவே மீதம் இருக்கிறது. ஆட்சேபணை எழுத்தில் வராவிட்டால் அதே நிபந்தனைகளோடு மேலும் ஐந்து ஆண்டுகளுக்குத் தானாக நீளும் என்று பதினொன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ளது. இடையில் முறிக்கும் உரிமை நிறுவனத்துக்கு மட்டும் இருக்கிறது. கட்டணத்துக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.


பழைய கேபிள்காரன்

சார், இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மாடிக்கு மாடி ஃபைபர் ஏறும் குழாய்வழி யாருடைய சொத்து என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? கம்பி அவர்களுடையதாக இருக்கலாம். குழாய்வழியைப் பெரும்பாலும் வீடு வாங்கியவர்களின் பணத்தில்தான் கட்டியிருப்பார்கள். சங்கத்துக்குக் கைமாறிய பொதுச் சொத்துப் பட்டியலில் அது இருந்தால், காலம் முடிந்ததும் அதே குழாயில் மூன்று பேருடைய கம்பியை ஏற்றலாம், இடம் தாராளமாக இருக்கும். ஆட்சேபணைக் கடிதத்தை இப்போதே பதிவோடு கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி தவறினால் அடுத்த ஐந்து ஆண்டுக்கு அவர்கள் உங்களைக் கேட்கவே மாட்டார்கள்.